கருத்தரிக்கும் முன் உடற்பயிற்சி: எங்க மில் வரைவுல ஓட்டை எங்கனு சொல்லுங்க

மில்_நலக்குழு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சேலம் பக்கத்து நூற்பாலை. 180 பேர், ஷிப்டுக்கு 60. நேரம் 6–2, 2–10, 10–6. பாதிக்கு மேல பெண்கள், பெரும்பாலும் 20லிருந்து 32 வயசுக்குள்ள. கல்யாணமாகி குழந்தைக்குக் காத்திருக்கறவங்க நிறைய. கர்ப்பத்துக்கு முன்னாடியே உடம்பைத் தயார் பண்ண நிறுவனம் உதவணும்னு நிர்வாகம் சம்மதிச்சிருக்கு. வரைவு இதுதான்:

1. பழைய குடோன்ல ஜிம். டிரெட்மில் 2, சைக்கிள் 2.
2. வாரம் ஒரு நாள் ஷிப்ட் முடிஞ்சு ஒரு மணி நேரம் ஜும்பா.
3. கர்ப்பத்துக்குத் திட்டமிடற பெண்கள் எச்.ஆர்.ல பெயர் பதிவு பண்ணிக்கலாம். அவங்களுக்கு இரவு ஷிப்ட் கிடையாது.
4. மூணு மாசத்துல 5 கிலோ குறைக்கறவங்களுக்குப் பரிசு.
5. டாக்டரை வெச்சு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம்.

அடுத்த வாரம் மேலிடத்துக்குப் போகுது. தயவு தாட்சண்யம் பார்க்காம கிழிங்க.

பிசியோ_அஸ்தம்பட்டி எழுதியது:

முதல் இரண்டையும் எடுத்துடுங்க.

டிரெட்மில்: ஷிப்டுக்கு 60 பேர், மெஷின் நாலு. ஆளுக்கு 20 நிமிஷம்னா ஒரு சுற்று முடிய 5 மணி நேரம். குடோன்ல பஞ்சுத் தூசி வேற. பெல்ட்டுக்கு அடியில பஞ்சு போய் அடைஞ்சு மோட்டார் சூடாகும், தினம் துடைக்க ஆள் இருக்காது. ஆறு மாசத்துல துணி காயப்போடற கம்பியாத்தான் நிக்கும்.

ஷிப்ட் முடிஞ்சு ஜும்பா: 2 மணிக்கு முடிஞ்சா 2.10க்கு பஸ். பஸ்ஸை விட்டா ஓமலூர் பக்கமோ ஆத்தூர் பக்கமோ போறவங்க வீடு சேர இருட்டிடும். வீட்ல சமையல் காத்திருக்கும். முதல் வாரம் 30 பேர் வருவாங்க, நாலாவது வாரம் எச்.ஆர். பொண்ணு மட்டும்தான் ஆடிட்டு இருப்பாங்க. அதுவும் வாரத்துக்கு ஒரே நாள், ஒரு மணி நேரம் குதிக்கறதுன்னா பழக்கமில்லாத உடம்புல முழங்கால் வலியும் கெண்டைக்கால் பிடிப்பும்தான் மிஞ்சும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன அளவு: வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அல்லது 75லிருந்து 150 நிமிஷம் கடுமையானது. இதோட வாரத்துல 2 நாளாவது தசை வலுப் பயிற்சி. முன்பாதி எல்லாருக்கும் மனப்பாடம். பின்பாதியை ஒருத்தரும் கண்டுக்கறதில்லை. உங்க ஆளுங்களுக்கு அந்தப் பின்பாதிதான் தேவை. விவரமா அப்புறம் எழுதறேன்.

சங்கம்_அம்மாபேட்டை எழுதியது:

மூணாவது அம்சத்துக்கு வருவோம். பதிவேடு வேண்டவே வேண்டாம் தோழர்.

நம்ம ஊர்ல கல்யாணமான ஆறாவது மாசமே "விசேஷம் ஏதாச்சும் உண்டா"ன்னு தெருவே கேட்கும். அந்தக் கேள்வியை நிறுவனம் ஒரு நோட்டுல எழுதி வெச்சா எப்படி இருக்கும்? பெயர் கொடுத்துட்டு ரெண்டு வருஷம் ஆகியும் நிக்கலைன்னா அந்தப் பொண்ணு கேன்டீன்ல எப்படி உட்காருவா? கலைஞ்சு போச்சுன்னா பதிவேட்டுல பெயரை அடிக்கறது யாரு?

இன்னொரு பக்கம் பதவி உயர்வு. ஜாபர் (மெஷினைச் சரிபார்க்கற ஆள்) பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது "இவதான் பதிவு பண்ணியிருக்காளே, லீவுல போயிடுவா"ன்னு ஒரு மேனேஜர் நினைச்சாலே போதும், சலுகை தண்டனையாயிடும். கல்யாணமாகாதவங்க, குழந்தை வேண்டாம்கறவங்க, குழந்தை நிக்காதவங்க எல்லாரும் நைட் ஷிப்ட் சுமையைச் சேர்த்துச் சுமப்பாங்க. அங்கிருந்து பெண்களுக்குள்ளயே சண்டை ஆரம்பிக்கும்.

திட்டம் 180 பேருக்கும் பொதுவா இருக்கட்டும். ஆம்பளைங்களும் சேர்த்துத்தான். யாருக்கு எதுக்காகப் பயன்படுதுங்கறது அவங்கவங்க வீட்டு விஷயம்.

மகப்பேறு_மருத்துவர் எழுதியது:

பதிவேடு பற்றிச் சங்கத்துத் தோழர் சொன்னதை வழிமொழிகிறேன். மருத்துவக் காரணமும் உண்டு: கணிசமான கர்ப்பங்கள் திட்டமிடாமல்தான் நிகழ்கின்றன. பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் என்றால் பலரைத் தவறவிடுவீர்கள்.

முன்கூட்டியே ஏன் தொடங்க வேண்டும்? கருமுட்டை தன் கடைசிக் கட்ட வளர்ச்சிக்கு ஏறத்தாழ மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறது. விந்தணு உருவாக சுமார் 74 நாள். உடல் தகுதி குறிப்பிடத்தக்க அளவு கூடவும் 12 வாரம் ஆகும். இந்த மூன்றும் ஒரே கால அளவில் வந்து சேர்வதால்தான் "குறைந்தது மூன்று மாதம் முன்பே" என்கிறோம். கர்ப்பம் உறுதியான பிறகு புதிதாகத் தொடங்கவும் செய்யலாம், ஆனால் அப்போது வாந்தி, களைப்பு, மாமியார் தடை எல்லாம் குறுக்கே நிற்கும். ஏற்கனவே பழகியவர் அப்படியே தொடர்வது எளிது. அளவான உடற்பயிற்சியால் கரு கலையாது என்பதையும் கூட்டத்தில் உரக்கச் சொல்லுங்கள்.

பலன் எங்கே தெரியும் என்றால், முதலில் கர்ப்பகாலச் சர்க்கரை. முன்பிருந்தே உடல் இயக்கம் உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு குறைகிறது. அடுத்தது சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.எஸ். எடை கூடுதலாக உள்ள இந்தப் பெண்களுக்கு உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே மாதச் சுழற்சி சீராகத் தொடங்கலாம். 70 கிலோ என்றால் மூன்றரை கிலோ. 2023இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல் இவர்கள் எடை குறைக்க வாரம் 250 நிமிட மித உழைப்பைச் சொல்கிறது. எடை குறையாவிட்டாலும் இன்சுலின் வேலை செய்யும் விதம் மேம்படுகிறது. ஆகவே தராசு அசையவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

நாலாவது அம்சம், எடைப் போட்டி, ஆபத்தானது. 152 செ.மீ. உயரப் பெண்ணுக்கு 43 கிலோவுக்குக் கீழே போனால் உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 18.5க்குக் கீழ். இந்தியர்களுக்கான அளவில் 53 கிலோவுக்கு மேல் கூடுதல் எடை, 58ஐத் தொட்டால் உடற்பருமன். இந்த 5 கிலோ பரிசை யார் வாங்குவார்? 46 கிலோ பெண் ஒருவர் ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு வாங்குவார். சாப்பாடு குறைந்து உழைப்பு கூடினால் மூளை முதலில் நிறுத்துவது மாதவிடாயைத்தான். எந்தக் குழந்தைக்காகத் தொடங்கினோமோ அதற்கே கதவு சாத்தியாகிவிடும்.

ஐந்தாவது அம்சத்தில் கூட்டத்தைவிட ஒரு இரத்தப் பரிசோதனை முகாம் மேல். இந்தியாவில் 15–49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்பது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் எண். ஹீமோகுளோபின் 12க்குக் கீழ் என்றால் இரத்தசோகை. 8க்குக் கீழ் என்றால் முதலில் சிகிச்சை, பயிற்சி பிறகு. இடைப்பட்டவர்கள் மருத்துவரைப் பார்த்துக்கொண்டே மெதுவான நடையில் தொடங்கலாம். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கும் பெண்ணை "சோம்பேறி" என்று மேஸ்திரி திட்டுவதற்கு முன் அவள் கண் இமையைக் கீழிழுத்து உள்பக்கம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மேஸ்திரி_ரிங்ஃபிரேம் எழுதியது:

ஒரு சந்தேகம் டாக்டர். சைடர் பொண்ணுங்க, அதாவது நூற்பு மெஷின்ல அறுந்த நூலை முடியறவங்க, ஷிப்ட் பூரா ஃபிரேமுக்கு நடுவுல நடந்துட்டேதான் இருக்காங்க. உட்காரவே மாட்டாங்க. அவங்களுக்கு எதுக்குத் தனியா உடற்பயிற்சி? ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கற ஆபீஸ்காரங்களுக்குச் சொல்லுங்க.

பிசியோ_அஸ்தம்பட்டி எழுதியது:

நியாயமான கேள்விங்க. வேலையில நடக்கற நடையும் கணக்குல சேரும்தான். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை.

மித வேக நடைன்னா நிமிஷத்துக்குச் சுமார் 100 எட்டு. பேச முடியணும், பாட முடியக் கூடாது. சைடர் நடை அப்படி இல்லை. நாலு எட்டு வெச்சு நிப்பாங்க, நூல் முடிவாங்க, மறுபடி நாலு எட்டு. இதயத் துடிப்பு ஏறி ஒரு பத்து நிமிஷம் அங்கேயே நிக்கறதுக்கு வாய்ப்பே வராது. ஆனா கால் மட்டும் எட்டு மணி நேரம் உடம்பைத் தாங்கும். நரம்பு புடைக்கும், கீழ்முதுகு இறுகும், குதிகால் வலிக்கும். சூடு, ஈரப்பதம், சத்தம், எதுவுமே அவங்க கட்டுப்பாட்டுல இல்லை. களைச்சா நிறுத்த முடியாது. வேலைங்கறது உடம்பைச் செலவு பண்ணும். பயிற்சிங்கறது கொஞ்சம் செலவு பண்ணி ஓய்வுல திருப்பி வாங்கிக்கறது. ஓய்வு இல்லைன்னா அது பயிற்சியே இல்லை.

அதனால உங்க சைடருங்களுக்கு இன்னும் நடக்கச் சொன்னா அது கொடுமை. வேண்டியது முதுகு, தொடை, இடுப்பு, தோள் வலு. வயிறு முன்னால தள்ளும்போது முதுகைத் தாங்கப்போறது இந்தத் தசைகள்தான்.

ஒரு செட் சொல்றேன். 16க்கு 10 அடி ரூம் போதும், அஞ்சு பேர் செய்யலாம். டிபார்ட்மென்ட்டுக்கு உள்ள வேண்டாம், அங்க பஞ்சுத் தூசியை இழுத்து மூச்சு விடறது ஆகாது.

நாற்காலியில உட்கார்ந்து எழறது 10 தடவை. கையை ஊனாம. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், பின்கால்கள் சுவர்ல முட்டி நிக்கட்டும். உட்காரும்போது தொப்புனு விழறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, மூணு எண்ணிக்கையில இறங்கணும்.

சுவர்த் தண்டால் 10. சுவர்ல இருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்னு. வளைய வேண்டியது முழங்கை, இடுப்பு இல்லை.

பை இழுப்பு, பக்கத்துக்கு 10. மஞ்சப்பையில 2 லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு, 4 கிலோ. ஒரு கையை நாற்காலியில ஊனி, இன்னொரு கையால பையை இடுப்பு வரை இழுக்கணும். நூற்பாலைக்காரங்களுக்கு இதுதான் மருந்து, நாள் பூரா கை முன்னாலயே நீட்டியிருக்கு பாருங்க.

குதிகால் தூக்கி இறக்கறது 15. பாய்ல மல்லாந்து படுத்து முட்டி மடக்கி இடுப்பைத் தூக்கறது 10. முட்டி போட்டு எதிர்க் கையும் காலும் நீட்டறது பக்கத்துக்கு 6.

ஒண்ணுக்கு ஒரு நிமிஷம், ஆறும் சேர்ந்து ஒரு சுற்று. ரெண்டு சுற்று, 12 நிமிஷம். முன்னால 2 நிமிஷம் தோள், இடுப்பு சுத்தி சூடேத்தறது. மூச்சை அடக்கவே கூடாது, தூக்கும்போது வெளிய விடணும். ரெண்டு தடவை தொடர்ந்து சுலபமா முடிஞ்சா பையில ஒரு பாட்டில் சேர்த்துக்கலாம், நாற்காலிக்குப் பதிலா முக்காலி போடலாம். மறுநாள் தசை வலிச்சா சரி. மூணாவது நாளும் மாடிப்படி இறங்க முடியலைன்னா அளவு மிஞ்சிப் போச்சு.

வாரம் 2 நாள், நடுவுல ஒரு நாளாவது இடைவெளி. நைட் ஷிப்ட் முடிஞ்ச காலையில வேண்டாம். தூக்கக் கலக்கத்துல கவனம் சிதறும், செஞ்ச பிறகு தூக்கமும் வராது. அந்த வாரம் தூங்கி எழுந்து மத்தியானம் செய்யட்டும்.

மேஸ்திரி_ரிங்ஃபிரேம் எழுதியது:

புரியுது. இப்ப என் கணக்கு. ஆளை வெளிய விட்டா ஃபிரேமை யார் பார்ப்பா? நூல் அறுந்து கெடக்கும்.

12 ப்ளஸ் 2, 14 நிமிஷம். ரூமுக்குப் போக 2, வர 2, செருப்பு மாட்ட, தண்ணி குடிக்க 2. மொத்தம் 20. நீங்க 15னு எழுதினா உண்மையில பயிற்சி 9 நிமிஷம்தான் நடக்கும், அது எழுதறவங்களுக்குத் தெரியாது.

60 பேர், அஞ்சு அஞ்சா 12 அணி. 12 தடவை 20, 240 நிமிஷம், அதாவது 4 மணி நேரம். அந்த 4 மணி நேரமும் அஞ்சு ரிலீவர் (மாத்து ஆள்) வேணும். ஆனா வாரம் 2 நாள்தான்னா செலவு கம்மி: ஆளுக்கு 40 நிமிஷம், 180 பேருக்கு வாரம் 120 மணி நேரம். ஆறு நாளுக்குப் பிரிச்சா தினம் 20 மணி. மூணு ஷிப்டும் சேர்த்து ரெண்டரை ஆள் சம்பளம். நிர்வாகத்துக்கு இந்த எண்ணைக் காட்டுங்க. டிரெட்மில் பில்லைவிட இது நேர்மையான பில்.

டாஃபிங் (நூல் நிறைஞ்ச பாபினைக் கழட்டி வெறும் பாபின் மாட்டற) நேரத்துல ரிலீவர் வேணாம். டாஃப் முடிஞ்ச உடனே அணியை மாத்துங்க, அப்ப ஃபிரேம் கொஞ்சம் அமைதியா ஓடும். முக்கியமா, இதைச் சாப்பாட்டு அரை மணியில கழிக்காதீங்க. கழிச்சா நானே வரமாட்டேன்.

மில்_நலக்குழு எழுதியது:

ரொம்ப நன்றிங்க, இந்தக் கணக்கு எங்களுக்குத் தோணவே இல்லை. ஆண்களைச் சேர்க்கணும்னு தோழர் சொன்னார். நிர்வாகம் "அவங்களுக்கு எதுக்கு"ன்னு கேட்கும். டாக்டர் ஒரு வரி சொன்னா உதவியா இருக்கும்.

மகப்பேறு_மருத்துவர் எழுதியது:

ஒரு வரி போதாது. கருத்தரிக்காத தம்பதிகளில் கணிசமானவர்களுக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கும். விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பத்தைவிடச் சற்றுக் குறைந்த வெப்பம் வேண்டும். பாய்லர், உலை, வார்ப்படப் பட்டறை, இரும்பு உருக்கும் இடம் என்று நாளெல்லாம் அனலில் நிற்பவருக்கு அது பாதிக்கப்படலாம். இடைவேளை, காற்றோட்டம், குளிர்ந்த ஓய்வறை ஆகியவற்றை நிறுவனம்தான் தர முடியும். தொப்பை, புகை, மது இவை மூன்றும் தனி. இன்னொன்று, ஜிம்மில் சதை ஏற்ற ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள். அந்த ஸ்டீராய்டு வெளியே தோளைப் பெருக்கி உள்ளே விந்தணுவை நிறுத்திவிடும். நிறுத்திய பிறகு மீள மாதக்கணக்கில் ஆகும்.

கணவன் நடந்தால் மனைவி நடப்பது எளிது என்பதும் உண்மை. சேலத்து வீடுகளில் காலை ஐந்தரைக்குப் பெண் தனியாக மூக்கனேரிக் கரைக்கு நடக்கக் கிளம்புவது இன்னும் சுலபமில்லை.

குழந்தைக்கான சிகிச்சையில் இருப்பவர்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. முட்டை வளர ஊசி போடும் நாள்களில் சினைப்பை பெரிதாக இருக்கும். குதித்தல், உடலைத் திருப்பும் பயிற்சி, பளு ஆகியவை அப்போது கூடாது. சினைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. சாதாரண நடை போதும். கருவைக் கருப்பையில் வைத்த பிறகு படுத்த படுக்கையாகக் கிடப்பதால் பலன் கூடுவதில்லை. இவர்கள் அணியில் இருந்தால் காரணம் சொல்லாமலேயே "இன்று வேண்டாம்" என்று விலகும் உரிமை இருக்க வேண்டும். வருகைப் பதிவு எடுத்தால் இது நடக்காது.

சட்டம்_நான்குரோடு எழுதியது:

சட்டம் கர்ப்பத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1961 மகப்பேறு நலச் சட்டமும் 2017 திருத்தமும் தந்தது 26 வாரச் சம்பள விடுப்பு. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களுக்குப் பணம் அந்த வழியில் வரும், அதற்கு 70 நாள் பங்களிப்புக் கணக்கு. கருத்தரிப்பதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே உங்கள் திட்டம் சலுகைதான், உரிமை அல்ல. நிலையாணையிலோ (ஆலையின் எழுத்துபூர்வ வேலை விதிகள்) சங்கத்துடனான ஒப்பந்தத்திலோ ஏற்றினால்தான் அடுத்த மேனேஜர் வந்தாலும் நிற்கும்.

பதிவேடு இருந்து, அதில் பெயர் உள்ள ஒரு பெண்ணுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டால், அந்த நோட்டே உங்களுக்கு எதிரான சாட்சி. முகாமில் எடுக்கும் இரத்த முடிவுகளும் எச்.ஆர். மேசைக்கு வரக் கூடாது. உறையில் போட்டு நேராக அவரவர் கையில்.

இருந்தாலும் உடற்பயிற்சியைவிட இருக்கை மலிவான உதவி என்பேன். கடை, நிறுவன ஊழியர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் திருத்தம் வந்தது. ஜவுளிக்கடையில் நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

எஸ்டேட்_செவிலியர்_ஏற்காடு எழுதியது:

கீழ சமவெளிக்குச் சொன்னதை அப்படியே மலைக்கு ஏத்தாதீங்க.

சேர்வராயன் மலையில நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் காபி பறிப்பு. பெண்கள் சரிவுல ஏறி இறங்கி, கூடையைச் சுமந்துட்டுத்தான் நாளைக் கழிக்கறாங்க. 150 நிமிஷம் அவங்களுக்கு ரெண்டு நாள்ல முடிஞ்சுடும். 1500 மீட்டர் உயரம் மூச்சை ஒண்ணும் பண்ணாது, அதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். பிரச்சனை எல்லாம் சோறும் இரும்புச் சத்தும் சுமையும்தான்.

இங்க நிர்வாகம் செய்ய வேண்டியது: பழ மூட்டையைக் கட்டறப்பவே சின்னதாக் கட்டறது. 50 கிலோ சாக்கை ரெண்டாப் பிரிச்சாலே பாதி முதுகுவலி போயிடும். எடை போடற இடத்தைப் பறிப்பு நடக்கற சரிவுக்குப் பக்கத்துல கொண்டுவரணும், ஒரு கிலோமீட்டர் மேல ஏத்தி வைக்காம. பத்து மணிக்கு ஒரு கேழ்வரகுக் களியோ கடலை உருண்டையோ. வெறும் கருப்பட்டிக் காபியில மத்தியானம் வரைக்கும் ஓட்டறாங்க. இரும்புச் சத்து மாத்திரை போட்டா அது மேல உடனே காபி குடிக்கக் கூடாது, ஒரு மணி நேரம் தள்ளணும். காபித் தோட்டத்துல இதைச் சொல்லிப் புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்துல தர்ற சிவப்பு மாத்திரை வாரத்துக்கு ஒண்ணு. 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். பழங்குடிப் பெண்களுக்குச் சிக்கிள் செல் (பரம்பரையா வர்ற இரத்தக் கோளாறு) பரிசோதனையும் கேட்டுச் செஞ்சுக்கணும். அது இருக்கறவங்க தண்ணி குடிக்காம, குளிர்ல, மூச்சு முட்ட உழைக்கறது ஆபத்து.

பறிப்பு இல்லாத மாசங்கள்ல பிசியோ சொன்ன செட்ல பை இழுப்பும் இடுப்புத் தூக்கலும் போதும். காலுக்கு மலையே பார்த்துக்கும்.

மகப்பேறு_மருத்துவர் எழுதியது:

செவிலியர் சொன்னதில் ஒரு சேர்க்கை. வாராந்திர மாத்திரை இரத்தசோகையைத் தடுப்பதற்கு. குழந்தைக்கு முயற்சி செய்யும் பெண் ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும் எடுக்க வேண்டும், முயற்சி தொடங்கும்போதிலிருந்து கர்ப்பத்தின் 12ஆம் வாரம் வரை. சர்க்கரை உள்ளவர்களுக்கும், முன் குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தவர்களுக்கும் அளவு கூடும். அதை மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

குரங்குச்சாவடி_எச்ஆர் எழுதியது:

உட்கார்ந்து வேலை செய்யற இடத்துக்கு வேற கணக்கு இல்லையா? பி.பி.ஓ. (கால் சென்டர்) மாதிரி 9 மணி நேரம் ஹெட்போன் மாட்டிட்டு உட்கார்ந்திருக்கறவங்க.

பிசியோ_அஸ்தம்பட்டி எழுதியது:

அவங்களுக்கு நடைதான் முதல்ல. முதல் ரெண்டு வாரம் 10 நிமிஷ நடை, நாளுக்கு 2 தடவை, 5 நாள். அது 100 நிமிஷம். மூணாவது வாரத்துல இருந்து 15 நிமிஷம், 150 ஆயிடும். அஞ்சாவது வாரத்துல வேகம் ஏத்தட்டும், 10 நிமிஷத்துல 1000 எட்டுங்கறது குறி. அரசோட "நடப்போம் நலம் பெறுவோம்" நடைப் பாதை 8 கி.மீ. அப்படீங்கறதால முதல் நாளே முழுசும் நடந்து காலைக் கெடுத்துக்க வேண்டாம்.

மார்ச்சுல இருந்து மே வரைக்கும் சேலத்து வெயில் தெரியும்ல. காலை 7க்குள்ள, இல்லைன்னா சாயங்காலம் 6க்கு மேல. கரு உருவாகற முதல் வாரங்கள்ல உடம்பு சூடு 39 டிகிரியைத் தாண்டறது குழந்தையோட தண்டுவடத்துக்கு நல்லதில்லை, அந்த வாரங்கள்லதான் கர்ப்பம்னே தெரியாது. கத்திரி வெயில்ல கம்பெனி மாரத்தான் வெக்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

அழைப்புகளுக்கு நடுவுல 2 நிமிஷம் எழுந்து நிக்க விடற மென்பொருள் அமைப்பு உங்க கையிலதான் இருக்கு. அந்த 2 நிமிஷத்தைச் செயல்திறன் கணக்குல கழிக்காதீங்க, அவ்வளவுதான்.

சங்கம்_அம்மாபேட்டை எழுதியது:

எல்லாரும் மறந்த ஒண்ணு கழிவறை. தூரம் அதிகம், கதவு சரியில்லைன்னு பெண்கள் தண்ணியே குடிக்கறதில்லை. தண்ணி இல்லாம பயிற்சி செஞ்சா தலை சுத்தும், சிறுநீர்த் தொற்றும் வரும். சூடான டிபார்ட்மென்ட்ல 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர்னு எழுதிப் போடறதுக்கு முன்னாடி, கழிவறைக்குப் போக மேஸ்திரிகிட்ட டோக்கன் வாங்கற முறையை எடுங்க.

சிவதாபுரம், பனங்காடு பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளுக்கும் ஒரு வார்த்தை. பற்றவைக்கற பொடியில கேட்மியமோ ஈயமோ இருந்தா எந்த யோகாசனமும் காப்பாத்தாது. அங்க முதல் செலவு புகைபோக்கிக்கும் மின்விசிறிக்கும்தான்.

பிசியோ_அஸ்தம்பட்டி எழுதியது:

கருப்பை, சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கற இடுப்புத்தளத் தசை பற்றி விட்டுப்போச்சு. அதுக்கான பயிற்சியைக் கீகல்னு யூடியூப்ல பாதிப் பேர் தப்பாச் சொல்லித் தர்றாங்க. காத்து பிரியாம அடக்கற மாதிரி உள்ளே, மேலே இழுக்கணும். 5 எண்ணிக்கை பிடிச்சு 5 எண்ணிக்கை முழுசா விடணும். 8லிருந்து 10 தடவை, நாளுக்கு 3 வேளை. பிட்டத்தை இறுக்கறது, மூச்சைப் பிடிக்கறது, வயித்தை வெளிய தள்ளறது, மூணும் தப்பு. சிறுநீர் போகும்போது நடுவுல நிறுத்திப் பழகறதும் வேண்டாம். உறவின்போது வலி இருக்கறவங்களுக்கு அந்தத் தசை ஏற்கனவே இறுகியிருக்கலாம். அவங்க இறுக்கப் பழகாம, முதல்ல மருத்துவரைப் பார்க்கணும்.

ரெண்டாவது குழந்தைக்குத் திட்டமிடறவங்க மல்லாந்து படுத்து, தலையை லேசாத் தூக்கி, தொப்புளுக்கு மேலயும் கீழயும் விரலை வெச்சுப் பார்க்கட்டும். ரெண்டு விரல் அகலத்துக்கு மேல பள்ளம் இருந்தா வயித்துத் தசை இன்னும் சேரலை. படுத்துட்டு எழற மாதிரியான வயிற்றுப் பயிற்சி அதை இன்னும் பிரிக்கலாம். முதல் குழந்தை பிறந்து அடுத்ததைச் சுமக்க 24 மாசம் இடைவெளி விடச் சொல்றதுக்கு இந்த உடம்பு மீள்றதும் ஒரு காரணம்.

மில்_நலக்குழு எழுதியது:

எல்லார் சொன்னதும் வெச்சு வரைவை மாத்தியாச்சுங்க.

ஜிம் இல்லை. 16க்கு 10 அடியில ஒரு ரூம், உள்தாழ்ப்பாள், ஜன்னலுக்குத் திரை, 5 பாய், 5 நாற்காலி, பாட்டில், பை. எல்லாருக்கும் வாரம் 2 நாள், 20 நிமிஷம், சம்பள நேரத்துல. ஆண்களுக்குத் தனி அணி. வருகைப் பதிவு இல்லை. ரிலீவர் தினம் ரெண்டரை ஆள்.

பதிவேடு இல்லை. அதுக்குப் பதிலா ஷிப்ட் மாத்தறதை வாரத்துக்கு ஒரு தடவையிலிருந்து 4 வாரத்துக்கு ஒரு தடவையாக்கறோம். வரிசை காலை, மதியம், இரவுனு முன்னோக்கித்தான் போகும். யார் வேணும்னாலும் காரணம் சொல்லாம வருஷத்துக்கு 8 வாரம் இரவு ஷிப்ட் விலக்குக் கேட்கலாம்.

எடைப் போட்டி ரத்து. அந்தக் காசுல ரெண்டாவது ஷிப்டுக்கும் மூணாவது ஷிப்டுக்கும் கடலை உருண்டை, வாழைப்பழம். இரத்தப் பரிசோதனை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, முடிவு உறையில. கழிவறை டோக்கன் ஒழிக்கப்படும்னு தனி வரி.

மேஸ்திரி_ரிங்ஃபிரேம் எழுதியது:

8 வாரம்னு எழுதியிருக்கீங்க. தீபாவளிக்கு முந்தின வாரமும் மே மாசக் கல்யாண சீசன்லயும் மொத்த ஷிப்டும் கேட்கும். ஒரே வாரத்துல ஷிப்டுக்கு 6 பேருக்கு மேல இல்லைன்னு ஒரு வரம்பு போடுங்க, முன்பதிவு வரிசைப்படி. அப்புறம் அந்த ரூம் சாவி செக்யூரிட்டிகிட்ட வேண்டாம். ரிலீவர்கிட்டயே இருக்கட்டும்.

மில்_நலக்குழு எழுதியது:

சரிங்க, ரெண்டையும் சேர்த்துட்டேன். சாவிக்கு ரெண்டு நகல்.